காதோடு பேசும் மெசின்

வடசேரியில் ஒரு மாடி ஹாலில் மெசின் அருள்வாக்கு சொல்கிறது என்றார்கள். ஊர் திரண்டு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியேறியது. மெசினைப் பார்க்கச் செருப்பை ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

உள்ளே நீல விளக்கு மினுக்கும் கறுப்புப் பெட்டி. பக்கத்தில் சித்திரை வெயிலுக்கும் கோட்டு மாட்டிய அபிலாஷ், மெசினுக்குச் சொந்தக்காரன்.

"உலகத்துல உள்ள டேட்டா முழுக்க இதுக்க வயித்துல கிடக்கு. தானாட்டு படிக்கும். எந்தப் பங்கு ஏறும், எது எறங்கும்னு முந்துன நாளே சொல்லும்!"

திங்கட்கிழமைதோறும் ஒவ்வொருவர் போனுக்கும் தனித்தனியே செய்தி வரும். பிறரிடம் காட்டினால் பலிக்காது. மந்திரவாதியும் இதைத்தான் சொல்வான். மெசின் அவனிடம்தான் படித்ததோ என்னவோ!

மீன்காரி பூங்கனியின் கணவன் ஜெபதாஸுக்கு மூன்று திங்களும் பலித்துவிட்டது. பஹ்ரைனில் பதினொரு வருடம் வெல்டிங் செய்து சேர்த்த காசு, வள்ளத்துக்கு எஞ்சின் வாங்க வைத்திருந்தது. அத்தனையும் பங்கில் போடச் சொல்லி நாளை மெசினின் காலடிக்கு.

"எஞ்சின் இல்லாம வள்ளத்தத் தோளுல தூக்கிட்டா கடலுக்குப் போவிய?"

"ஏட்டி, மூணு தடவ சொல்லிச்சு, மூணும் சரி. இந்தா பாரு!" பெருமை தாங்காமல் போனைக் காட்டினான். பெண்டாட்டி பிறத்தியாள் இல்லையே. "மீனத் தவிர ஒனக்கு என்ன தெரியும்?"

மீன்தான் தெரியும். மறுநாள் வடசேரி சந்தையில், வாழைக்குலை விற்கும் கொட்டாரத்துத் தாணம்மாளிடம் புலம்பினாள்.

"எனக்கும் ஒரு திங்கக்கெழம வந்துது மக்கா. எறங்கும்னுச்சு. அது ஏறிட்டு. பொறவு வரவே இல்ல. எனக்க நேரம் சரியில்லன்னு விட்டுட்டேன்."

பூங்கனி அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள். ஜெபதாஸுக்கு வந்த அதே திங்கள். அதே பங்கு. அவனுக்கு 'ஏறும்', இவளுக்கு 'இறங்கும்'.

அன்று சாயங்காலம் தாணம்மாளையும் கூட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்த பூங்கனி, ஜெபதாஸ் பணப்பையோடு எழுந்தபோது முந்திக்கொண்டாள்.

"தம்பி, தேங்காய்ப்பட்டணத்துல ஏலக்காரன் எல்லாருக்க காதுலயும் விழும்படியாட்டுதான் வெலையக் கூவணும். ஆளாளுக்குக் காதுல சொன்னா மீனத் தொடமாட்டோம். இந்தப் போர்டுல எழுது. நீ சொல்லுத ஒரு பங்கு நாளைக்கு ஏறுமா, எறங்குமா? எல்லாருக்கும் சேத்து ஒரே ஒரு வார்த்த."

அபிலாஷ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். "அக்கா, அல்காரிதம்னு ஒண்ணு..."

"அது யாருவேணா இருக்கட்டும். ஏறுமா, எறங்குமா?"

"இப்ப சர்வர் கிடைக்கல்ல..."

பூங்கனி ஜெபதாஸின் போனையும் தாணம்மாளின் போனையும் வாங்கித் தூக்கிப் பிடித்தாள். "ஒரே பங்கு. ஒரே நாளு. இவருக்கு ஏறுமாம், இவளுக்கு எறங்குமாம்!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏலே, எனக்க மச்சினனுக்கும் மொத வாரத்தோட நின்னு போச்சே!"

வித்தை இவ்வளவுதான். எண்ணூறு பேரில் பாதிக்கு ஏறும், பாதிக்கு இறங்கும். பொய்த்தவர்களைக் கழித்துவிட்டு மீதியை மறுபடி இரண்டாகப் பிரி. மூன்றாம் வாரம் நூறு பக்தர்கள் மிஞ்சுவார்கள். பலித்தவன் ஊரெல்லாம் சொல்வான். பலிக்காதவன் தன் நேரத்தை நொந்து வீட்டில் இருப்பான்.

வெல்டர் ஜெபதாஸ் பெட்டியின் மூடியை நெம்பித் திறந்தான். உள்ளே, போன கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிட்ட சீரியல் பல்பு ஒரு சரம். அவ்வளவு டேட்டா! நிமிர்ந்து பார்த்தால் நாற்காலியில் கோட்டு மட்டும் இருந்தது.

படியிறங்கும்போது ஒருவன் மெல்லக் கேட்டான்: "களியக்காவிளையில வேற ஒரு மெசின் வந்திருக்காமே? அதுக்குப் பச்ச விளக்காம்."

பூங்கனி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "மக்கா, ஒனக்க கழுத்துக்கு மேல ஒரு மெசின் சும்மா கிடக்கு. மொதல்ல அத ஓட்டிப் பாரு."