மார்செலினாவின் பானைக்கு வயது பார்த்த கதை

எங்கள் பெத்தேன் காட்டில் சோளம் விதைக்கும் மாயன் குடிகளுக்குப் பட்டா வழங்க அரசு திருவுளம் கொண்டது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். எங்கள் முன்னோர் இங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். முன்னோர் இல்லாமலா நாங்கள் பிறந்தோம் என்று யாரும் கேட்கவில்லை. பட்டா வேண்டுமே.

மார்செலினா சோக்குக்கு ஆதாரம் கொல்லையிலேயே கிடைத்தது. விதைக்குழி போட்ட கம்பு ஒரு பழம்பானையில் இடித்தது. வழக்கப்படி அதில் தணல் அள்ளிப் போட்டு, குங்கிலியம் புகைத்து, மலைச்சாமியைக் கும்பிட்டுவிட்டு விதைத்தாள். அறுவடைக்கு முன் பானையைச் சுமந்துகொண்டு ஃப்ளோரெஸ் நகரத்துப் பழம்பொருள் இலாகாவுக்குப் போனாள்.

அதிகாரி ஓவிதியோ விஞ்ஞானத்தைத் தவிர வேறு தெய்வம் அறியாதவர். பானையில் ஒரு சில்லு பெயர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். சுட்ட மண் கடைசியாக எப்போது நெருப்பைக் கண்டது என்று அங்குள்ள இயந்திரம் சொல்லிவிடும். சொல்லியும் விட்டது: கிட்டத்தட்ட நேற்று.

"பானை புதுசும்மா. பட்டா கிடையாது."

தணல் போட்டது தான்தான் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினாள். இயந்திரம் வாக்குமூலம் வாங்குவதில்லை என்றார் அவர்.

"அப்ப என் பானையைக் குடுங்கய்யா, நான் போறேன்."

"அதெப்படி? மேல இருக்கற சித்திரத்தைப் பாருங்க. ஆயிரத்து இருநூறு வருஷப் பழசு. அரசாங்கச் சொத்து."

"இப்பத்தானே புதுசுன்னீங்க?"

"பட்டாவுக்குப் புதுசு, மியூசியத்துக்குப் பழசு. ரெண்டும் வேற வேற பிரிவும்மா."

"நான் எந்தப் பிரிவுல வர்றேன்?"

"ஆக்கிரமிப்பு. மாடிக்குப் போங்க."

அவள் கொல்லைக்கு வேலி போட்டார்கள். சோளம் உள்ளே நின்று காய்ந்தது. அவள் வெளியே நின்று பார்த்தாள். 

ஆனால் நாங்கள் கெட்டிக்காரர்கள். பானை அகப்பட்டால்தானே வம்பு? அதன்பின் மண்ணுக்குள் எது தட்டுப்பட்டாலும் பொடிப்பொடியாக நொறுக்கி ஆற்றில் கொட்டினோம். பிள்ளைகுட்டிகளோடு குடும்பம் குடும்பமாக உழைத்தோம்.

இந்த வருஷம் இலாகா வந்து ஊரையே தோண்டியது. ஒரு சில்லுகூட இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டோம். ஓவிதியோ தொண்டையைச் செருமி அறிவித்தார்: இவ்வூரில் எக்காலத்திலும் மனிதர் வாழ்ந்ததற்குத் தடயம் இல்லை, ஆகவே இங்கே நிற்பவர்கள் அனைவரும் ஆக்கிரமிப்பாளர்கள்.

வேலி ஊரைச் சுற்றி வந்தது. வெளியே நின்றிருந்த மார்செலினா கொஞ்சம் நகர்ந்து எங்களுக்கு இடம் விட்டாள்.