கிடா கொடுத்த கோல்

சுனாமி வந்ததே, அதற்கு அடுத்த மார்கழி. அந்த வருஷம் மழையும் ஜாஸ்தி. என் வீட்டுக் கூரையில் பாதி போய்விட்டது. அது வேறு கதை. கள்ளக்குறிச்சியில் பிறந்தவர்களிலேயே ஜப்பானோடு போட்டி போட்ட ஒரே ஆள் பிளாடர்தான்.

அவனுக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். சேலம் ரோட்டில் பஞ்சர் கடை. பக்கத்தில் என் கரும்பு ஜூஸ் வண்டி. புட்பாலுக்குள்ளே காற்று நிற்கிற ரப்பர் பை, பிளாடர், சுற்று வட்டாரத்தில் எது கிழிந்தாலும் ஒட்டுப்போட அவனிடம்தான் வரும்; அதனால் அந்தப் பெயர். பந்தைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஆறு கோலு தாங்கும். ஏழாவதுக்கு உசுரு வுட்ரும்" என்பான். அப்படியே நடக்கும். ஆனால் ஒரு நாளும் பந்தை உதைத்ததில்லை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கம்ப்ரசரில் ஒரு செவலைக் கிடாவைக் கட்டியிருப்பான். தாய் செத்த குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. பெயர் ராசா. அவன் சாப்பிடும் பரோட்டாவில் பாதி அதற்குத்தான்.

ஒரு நாள் வடை மடித்த பேப்பரைப் படித்தான். எனக்குப் படிக்கத் தெரியாது, அவன் சொன்னதுதான். ஒவ்வொரு கண்டத்திலும் ஜெயித்த கிளப் ஒன்று, ஆக ஆறு கிளப்பும் ஜப்பானில் மோதப்போகின்றனவாம்.

"நம்மாளுங்க யாரும் இல்லியே?" என்றேன்.

"கூப்புடலன்னா இன்னா? நாம வெச்சுக்குவோம். மலை ஒரு கண்டம், ரயிலு ஒரு கண்டம், வயலு ஒரு கண்டம்."

அப்படித்தான் மலைக்குக் கரியாலூர், ரயிலுக்குச் சின்னசேலம், வயலுக்குக் களமருதூர் என்று மூன்று ஊருக்கும் ஆள் போனது. ஜப்பானில் ஃபைனல் நடக்கிற அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இங்கேயும் ஃபைனல். சின்னசேலத்துக்காரன் ஒருத்தன் கடைக்கு வந்து, "கோப்ப எங்கண்ணே? டியூபா?" என்று சிரித்தான். பிளாடருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. ராசாவைக் காட்டி, "இதான் கோப்ப. ஜெயிச்சவன் புடிச்சுக்கினு போ. சமமாச்சுன்னா எவனுக்கும் கெடையாது" என்றான். சொல்லி முடித்ததும் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஊர் நடுவில் சொன்ன வார்த்தை, எப்படித் திரும்ப வாங்குவது?

ஞாயிறு காலை சின்னசேலமும் களமருதூரும் ஆடின. கரியாலூர் பஸ் வரவில்லை. "ஜப்பான்லயும் பெரிய கண்டம்லாம் லேட்டாத்தான் எறங்கும்" என்று பிளாடர் மைக்கில் சொல்லி, மலைக்காரர்களை நேராக ஃபைனலில் வைத்துவிட்டான்.

அந்தக் காலை ஆட்டத்திலேயே தகராறு. சின்னசேலம் அடித்த பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா? "ரெப்ரி உன் மச்சான்டா!" என்று ஒருத்தன் சட்டையைப் பிடித்தான். பிளாடர் குறுக்கே போய், "அடிச்சுக்காதீங்கடா, கிடாவக் கேப்போம்" என்றான். கோயிலில் வெட்டுமுன் தண்ணீர் தெளிப்போமே, உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு. அதே கணக்கு. மூன்று செம்புக்குள் சிலுப்பினால் கோல், இல்லையென்றால் இல்லை. செம்பு என் கையில். ஊற்றினேன். ராசா சிலுப்பியது. களமருதூர்க்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு தோற்றுப் போனார்கள். சாமியோடு யார் வழக்காடுவது?

சாயங்காலம் ஃபைனல். சின்னசேலத்துக்காரர்கள் அண்டா, மசாலா, பாசுமதி அரிசியோடு வந்து மைதானத்து ஓரமாக அடுப்பே மூட்டிவிட்டார்கள். மலைப் பசங்களுக்குக் காலில் ஷூ கிடையாது. ஆனால் ஓட்டம் ஆடு மாதிரி. கடைசி வரை கோல் இல்லை. சமமானால் ராசா வீட்டுக்குத் திரும்பும். பிளாடர் நகத்தைத் தின்றுகொண்டிருந்தான்.

முடிய ஒரு நிமிஷம். மலைக் கேப்டன் அடித்த பந்து கோலுக்குள். "ஆப்சைடு!" என்று சின்னசேலம் கத்தியது. டீக்கடை டிவியைப் பார்த்த கடைக்காரர், "ஜப்பான்லயும் கொடி தூக்கிட்டான்பா, கோலு செல்லலயாம்!" என்று குரல் கொடுத்தார்.

"கிடாவக் கேளுங்கடா!" என்றது கூட்டம்.

ஒரு செம்பு ஊற்றினேன். சிலுப்பவில்லை. இரண்டாவது செம்பு. கல் மாதிரி நின்றது. அப்போதுதான் பார்த்தேன். தடவிக்கொடுப்பதுபோல பிளாடரின் கை அதன் முதுகுத்தண்டை அழுத்திக்கொண்டிருந்தது. அப்படி அழுத்தினால் எந்த ஆடும் சிலுப்பாது. நான் பார்த்துவிட்டது அவனுக்கும் தெரிந்துவிட்டது. அவனைக் காட்டிக்கொடுக்காமல் செம்பை மறுபடி நிரப்பினேன்.

"கடைசிச் செம்பு" என்றேன்.

மலைக் கேப்டன் சண்டைக்கு வரவில்லை. காலில் ரத்தம் வழிய நின்றுகொண்டு, "எங்களுக்கு யாரு குடுக்கப் போறாங்க, வுடுங்கண்ணா" என்றான்.

பிளாடர் அவனைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். ராசாவின் காதில் என்னவோ சொன்னான். கையை எடுத்தான். ஊற்றினேன்.

ராசா சிலுப்பிய சிலுப்பில் மைக்செட்டே நனைந்து அணைந்துவிட்டது.

மலைக்காரர்கள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பிளாடர் திரும்பி நின்று காற்றுப்போன பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கேப்டன் வந்து, "அண்ணே, நாயம் சொன்ன கிடாவ நாங்க அறுக்க மாட்டோம்ணே" என்றான். பிளாடர், "அத்த இன்னாத்துக்கு எங்கிட்ட சொல்ற? பரோட்டான்னா தின்னும், போ" என்றான்.

அதற்கப்புறம் மாசம் ஒரு தடவை கரியாலூர் பஸ் ஏறுவான். "பந்துக்கு ஒட்டுப்போடப் போறேன்" என்பான். கையில் பரோட்டாப் பொட்டலம் இருக்கும்.

கிடாவும் போயிற்று, போன ஐப்பசியில் அவனும் போனான். மலையில் இன்னும் அந்தக் கிடாவைத்தான் கொண்டாடுகிறார்களாம். எனக்கு மலை ஏற முட்டி ஒத்துழைக்கவில்லை. நீங்கள் அருவி பார்க்க அந்தப் பக்கம் போனால், பந்தாடுகிற பசங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்தக் கோலைக் கொடுத்தது கிடா இல்லை, பிளாடர்.