நான்கு துறையும் என் இரண்டு அறையும்

ஷாதிபூர், போர்ட் பிளேர்.

அன்புள்ள மச்சினன் பேராசிரியர் இராமகிருஷ்ணனுக்கு, உன் அக்கா புருஷன் ஒச்சப்பன் எழுதுவது. இங்கே உன் அக்கா ஜெயலட்சுமியும் என் மகள் கார்த்திகாவும் சௌக்கியம். நீயும் உன் குடும்பமும் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று முருகனை வேண்டிக்கொள்ளத்தான் உட்கார்ந்தேன். வாய் வரவில்லை.

பல ஜனங்கள் கலந்து வாழும் தேசத்தைப் பற்றிய உங்கள் படிப்பு எப்படி வளர்ந்தது என்று நீ மேடையில் பேசுகிறாயாமே, அதை என்னைக் கேள், நான் சொல்கிறேன், அது என் வீட்டுச் சோற்றில் வளர்ந்தது. முதலில் நீ வந்தாய், வரலாறு என்றாய், என் அப்பா கூலி வேலைக்கு வந்த கப்பலின் பெயரைக் கேட்டுவிட்டு ஒரு மாதம் மீன் குழம்பு சாப்பிட்டுப் போனாய். பிறகு மொழிக்காரர் ஒருவரை அனுப்பினாய், உன் அக்கா மீன்காரனிடம் இந்தியில் சண்டை போடுவதை ரெக்கார்டு செய்தார். சுனாமிக்குப் பிறகு சமூகவியல் வந்தது, பக்கத்து வீட்டு பெங்காலிக்கும் எனக்கும் உறவு எப்படி என்று கேட்டது, நன்றாக இருந்த உறவு அன்றோடு கெட்டது. அப்புறம் சாப்பாடும் பாடமாகி, ஒருவர் எங்கள் ரசத்தை போட்டோ எடுத்தார். இதையெல்லாம் பொறுத்தேன், ஏனென்றால் ஒவ்வொருவராக வந்தார்கள், ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இப்போது துறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை இடித்துவிட்டோம் என்று உன் மாணவர்கள் நால்வரை மொத்தமாக அனுப்பியிருக்கிறாய். இடித்தது சரி, என் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. முன்பு ஒருத்தர் என் அப்பாவைப் பற்றிக் கேட்பார், இன்னொருத்தர் சமையலறையைக் கேட்பார். இவர்கள் நாலு பேரும் சேர்ந்து, அப்பா சமையலறையில் எந்த மொழியில் திட்டினார் என்று கேட்கிறார்கள்.

அதையும் விடு. போன ஞாயிற்றுக்கிழமை கார்த்திகாவைப் பெண் பார்க்க இதே ஊர் டாலிகஞ்சிலிருந்து விஜயலட்சுமி அம்மா தன் மகன் சுதாகரோடு வந்தார். தங்கமான பையன், மோட்டார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான், கார்த்திகாவுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. உன் ஆட்களை உள்ளறையில் இருக்கச் சொன்னேன். பஜ்ஜி வாசனைக்கு வெளியே வந்தார்கள். எங்கள் தீவில் ஒரு மரியாதை உண்டு, உனக்கே தெரியும். பெண் பார்க்கும் இடத்தில் சம்பளம் கேட்போம், சொந்த வீடா என்று கேட்போம், உங்கள் தாத்தா எப்படி இங்கே வந்தார் என்று மட்டும் கேட்கமாட்டோம். டிக்கெட் எடுத்து வந்தவரும் உண்டு, சர்க்கார் விலங்கு மாட்டிக் கொண்டுவந்தவரும் உண்டு. எல்லாரும் எல்லாரையும் கேட்காமல் விட்டதால்தான் இந்த ஊரில் கல்யாணம் நடக்கிறது. அந்த நால்வரில் ஒருத்தி, உன் மாணவி தஹ்ஸீன், அந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, தேன் ஒழுக, "ஆன்ட்டி, உங்க தாத்தா எந்த வருஷம் வந்தாரு? பாட்டி எந்த ஊரு?" என்று கேட்டாள்.

அந்த அம்மா முகம் செத்துப்போயிற்று. "தாத்தா கைதியா வந்தாரு. பாட்டி பீகார்க்காரி, அவளும் கைதிதான்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கீழே வைத்து எழுந்துவிட்டார். சுதாகர் கடித்த பஜ்ஜியைக் கையில் பிடித்தபடியே பின்னால் போனான். நான் வாசல் வரைக்கும் ஓடிக் கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார்த்திகா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. உன் அக்காவோ, "பாவம், பச்சா லோக், சின்னப் பசங்க, அதுங்களுக்கு என்ன மாலும்? படிக்க வந்ததுங்க, கேக்கத்தானே செய்யும்" என்று நாலு பேருக்கும் தோசை ஊற்றுகிறாள். என் வயிறு எரிகிறது, ராமகிருஷ்ணா. கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்கிறார்கள், பிளேனில் கூப்பிட்டுக்கொள், நீந்தி வரச் சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இனி உன் படிப்பு வேறு எவன் வீட்டிலாவது வளரட்டும்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கு இல்லை.

இப்படிக்கு,
ஒச்சப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது விஜயலட்சுமி அம்மா தனியாக வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவர் என்னைத் தாண்டி நேரே தஹ்ஸீனிடம் போய், "அன்னிக்குப் பாதியில போயிட்டேன், பேட்டா. எங்க பாட்டி பேரு சம்பா. லிக் லோ, எழுதிக்கோ. இத்தன வருஷத்துல அவ பேர ஒருத்தரும் கேக்கல" என்று உட்கார்ந்தார். விளக்கு வைக்கும் வரை பேசினார், அழுதார், உன் அக்காவும் கூட அழுதாள், எனக்கும் கண்ணில் ஏதோ தூசி விழுந்தது. எழுந்திருக்கும்போது கார்த்திகாவைத் தன் மகனுக்குக் கேட்டார். தை மாதம் கல்யாணம். கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் அவர்களுக்கு உறவென்று யாரும் இல்லை, அதனால் உன் நால்வரும் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நிற்கவேண்டுமாம். ஆகவே மேலே எழுதியதை அடித்துவிடு, தை முடியும்வரை அவர்களைக் கூப்பிடாதே. ஆனால் ஒன்று சொல்லிவை. மாப்பிள்ளை வீட்டாராக ஆனதிலிருந்து நாலு பேரும் காபியில் சூடு போதவில்லை என்கிறார்கள்.