நிற்காத ஜீப்பும் தெரியாத அம்மாவும்

"வாரத்துல ரெண்டு நாள் இந்த வண்டி உன்ன இட்டுனு போவும். மீதி அஞ்சு நாள் நீ அத்த இட்டுனு வருவ."

பங்காருபேட்டை மெக்கானிக் கஜேந்திரன் அண்ணன் இதைச் சொன்னபோது என் ஜீப்பின் பானெட்டுக்குள் இடுப்புவரை குனிந்திருந்தார். வெளியே வந்து சொல்லுமளவுக்குக்கூட என் ஆசையை அவர் மதிக்கவில்லை. ஆசை ஒன்றும் பெரிதல்ல. இந்த ஜீப்பில் தினமும் கோலாருக்கு வேலைக்குப் போய்வர வேண்டும், அவ்வளவுதான். (வேலை இன்னும் கிடைத்திருக்கவில்லை. ஆனால் வண்டியைத் தயார் செய்துவிட்டால் வேலை தானாக வந்து ஏறிக்கொள்ளும் என்று நம்பினேன்.)

ஜீப் என் மாமாவுடையது. என்னைவிட வயதில் மூத்தது. பல வருடம் கோலார் மார்க்கெட்டுக்குத் தக்காளி சுமந்துவிட்டு, மாமா சின்ன லாரி வாங்கியதும், கேஜிஎஃப் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய நந்திதுர்க் லைனில், எங்கள் வீட்டுக்கு எதிரே ஓரமாக நின்றுபோனது. பின் சீட்டில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கொடுங்கள் என்று கேட்டதும் மாமா யோசிக்கவே இல்லை.

"எடுத்துக்க கண்ணு. கோழிகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிடு."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். சுரங்கத்தை மூடிய பிறகு அப்பா ரயிலேறி பெங்களூருக்குப் போய் வாட்ச்மேன் வேலை பார்த்தார். அம்மா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே என் டிப்ளமோ விண்ணப்பத்துக்காகத்தான். ஆட்டோமொபைல் டிப்ளமோ. வகுப்பில் ஒரே பெண். முதல் வகுப்பில் தேறினேன். (இதை எவரைப் பார்த்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிடுவேன். இங்கே கொஞ்சம் தாமதமாகிவிட்டது.)

அந்த டிப்ளமோவை வாங்கிப் பார்த்த பெங்களூர் ஷோரூம் ஒன்று, என்னை வரவேற்பு மேஜையில் உட்கார வைத்தது. தினமும் நாலு மணி நேரம் ரயிலில் போய்வந்து, கார் வாங்க வருகிறவர்களுக்குச் சிரித்தபடி தண்ணீர் கொடுத்தேன். ஒரு பானெட்டைத் திறந்ததில்லை. இரண்டு வருடம் இப்படிப் போனபின் கோலாரில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் லேபுக்குப் பயிற்றுநர் தேவை என்று தெரியவந்தது. கிடைத்தால் கையில் ஸ்பானர். கிடைக்காவிட்டால் திரும்பவும் தண்ணீர் டம்ளர்.

ஒரே ஒரு சிக்கல். லேப் காலை எட்டரைக்குத் தொடங்கும். எங்கள் பக்கத்து பஸ்ஸை நம்பினால் ஒன்பதுக்கு முன் போய்ச் சேர முடியாது. அதனால்தான் ஜீப். (அதனால் மட்டும்தானா என்று அம்மா கேட்டாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லைனுக்குள் ஜீப்பில் வந்தவர்கள் எல்லாம் அதிகாரிகள். ஜனங்கள் விலகி வழிவிடுவார்கள். அந்தக் காட்சியில் ஜீப்புக்குள் இருக்கும் ஆளாக ஒரு முறையாவது ஆக வேண்டும் என்று எனக்கு இருந்தது உண்மை.)

மூன்று மாதம் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளும் ஜீப்புக்கு அடியில் கழிந்தன. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, முப்பத்தொரு வேலைகள் எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். புது பேட்டரி. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்தது. டீசல் ஃபில்டர், ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், ஹீட்டர் பிளக். மாமா காலத்தில் வண்டியைச் சரிவில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டித்தான் கிளப்புவார்கள். என் வண்டி சமதரையில், சாவியைத் திருப்பியதும், ஒரே சுற்றில் எழுந்தது. முதல் தடவை அப்படி எழுந்தபோது பக்கத்து வீட்டுக் கோழி எங்கள் கூரைமேல் ஏறிவிட்டது.

அந்த முப்பத்தொன்றும் எஞ்சின் கிளம்புவதற்கும் ஓடுவதற்குமான வேலைகள். எஞ்சினை நிறுத்துவதற்கு ஒன்றுகூட அந்த நோட்டில் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்து டீசல் ஜீப்பில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் அணையாது. டேஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால், அதோடு இணைந்த கம்பி எஞ்சினுக்குப் போகும் டீசலை அடைக்கும். வண்டி மூச்சை விட்டு நிற்கும். அந்தக் கம்பி எத்தனை வருடமாக உள்ளுக்குள் துருப்பிடித்துக்கொண்டிருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

நேர்முகத் தேர்வு நாள். க்ரீம் கலர் சுடிதார், அதற்கேற்ற துப்பட்டா. அம்மாவும் கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில் தயாராக நின்றாள்.

"நீ எங்கம்மா வர?"

"நீ உள்ள பூட்டா வண்டிய யார் பாத்துக்கறது? கோலார்ல திருடனுங்க இல்லியா?"

முப்பது கிலோமீட்டரும் ஜீப் தேர் மாதிரி போனது. கஜேந்திரன் அண்ணன் கடையைத் தாண்டும்போது தேவையே இல்லாமல் இரண்டு தடவை ஹார்ன் அடித்தேன். கல்லூரிக்குள் நுழைந்து, பிரதான கட்டடத்தின் படிகளுக்கு எதிரே, குரோட்டன்ஸ் தொட்டிகளின் பக்கத்தில், ஒரு ஜன்னலுக்கு அடியில் நிறுத்தினேன். குமிழை இழுத்தேன்.

அது கீரைக்கட்டிலிருந்து ஒரு தண்டை உருவியதுபோல, ஒன்றரை அடிக் கம்பியோடு என் கையில் வந்துவிட்டது. எஞ்சின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னா அது?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல."

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பானெட்டைத் திறந்து, பம்ப்பின் பக்கத்திலிருக்கும் சின்ன லீவரை விரலால் தள்ளினால் போதும். ஐந்து விநாடி வேலை. ஆனால் பம்ப் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. நான் க்ரீம் கலர். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகும் ஒரு முடிவை அப்போது எடுத்தேன். எஞ்சின் ஓடட்டும், பத்து நிமிடத்தில் வந்துவிடலாம்.

"யம்மா, கொஞ்ச நேரம் அப்டியே குந்தினு இரு. எதையும் தொடாத."

"ஆஃப் பண்ணமாட்டியா?"

"இன்டர்வியூக்கு அப்பால."

அம்மா இறங்கி, எங்கிருந்தோ ஒரு கல்லைத் தூக்கி வந்து முன் டயருக்கு முன்னால் வைத்துவிட்டுத் திரும்பவும் ஏறி உட்கார்ந்தாள்.

உள்ளே இரண்டு பேர். பிரின்சிபால் கன்னடக்காரர், சுத்தமான சட்டை, சுத்தமான மேஜை. பக்கத்தில் ஒர்க்‌ஷாப் பொறுப்பாளர் சீனிவாசப்பா சார், நகக்கண்களில் கறுப்பு. மேஜையில் இரண்டு டீ கப்புகள். இரண்டும் சாசரின் மேல் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. ஏனென்றால் நான் ஜீப்பை நிறுத்தியிருந்தது அந்த அறையின் ஜன்னலுக்கு அடியில்தான்.

பிரின்சிபால் என் சான்றிதழ்களைப் புரட்டினார். "கேஜிஎஃப்ல இருந்து தினமும் எட்டரைக்கு வரணும். எப்படி வருவீங்க?"

"சொந்த வண்டி இருக்கு சார். நானே மெயின்டெய்ன் பண்றேன். ஸ்டார்ட் ஆவாத நாளே கிடையாது."

"வெரி குட்" என்ற பிரின்சிபால் இருமினார். ஜன்னல் வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். கண்ணாடி அதிர ஆரம்பித்தது. எரிச்சலோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யார்தம்மா ஆ காடி?"

யாருடைய வண்டி அது என்று கேட்கிறார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கொத்தில்லா சார்."

தெரியாது என்று சொல்லிவிட்டேன். என் கன்னடம் எப்போதும் கொஞ்சம் இடறும். சொந்த ஜீப்பைத் தெரியாது என்று சொல்ல மட்டும் அது வழுக்கிக்கொண்டு வந்தது.

சீனிவாசப்பா சார் தலையைச் சாய்த்து ஜன்னல் பக்கம் காது கொடுத்தார். என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அந்த அறுந்த கம்பியை நான் இன்னும் சர்ட்டிஃபிகேட் ஃபைலோடு சேர்த்துப் பிடித்திருந்தேன்.

"சரிம்மா, ஒரு கேள்வி" என்றார் நிதானமாக. "டீசல் எஞ்சினை எப்படி நிறுத்துவாங்க?"

நான் பிரமாதமாகப் பதில் சொன்னேன். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியை நிறுத்தலாம், டீசலில் எரிபொருளை நிறுத்த வேண்டும், பம்ப்பில் ஒரு லீவர் உண்டு, அதற்கு ஒரு கேபிள் உண்டு. கரும்பலகை இருந்திருந்தால் படம்கூடப் போட்டிருப்பேன். பின்னணியில் என் எஞ்சின் கடகடத்துக்கொண்டிருந்தது.

அப்போது கதவு திறந்தது. கல்யாணப் புடவையில் அம்மா நின்றாள்.

"கவிதா, பொக தாங்கல. தலய சுத்துது. இந்தக் கருமத்த எப்டிம்மே நிறுத்தறது?"

பிரின்சிபால் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை தமிழிலேயே கேட்டார்.

"வண்டி தெரியாது. சரி. இந்தம்மாவையாவது தெரியுமா?"

அடுத்த நிமிடம் எல்லோரும் வெளியே நின்றோம். மேல்மாடி ஜன்னல்களில் மாணவர்கள் வரிசையாக முளைத்துவிட்டார்கள். இப்போதாவது பானெட்டைத் திறந்திருக்கலாம். அப்போதும் எனக்கு அந்தச் சுடிதார்தான். பிசுக்குப் படாத இன்னொரு வழி இருக்கிறது. டாப் கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி கிளட்சை விட்டால் எஞ்சின் திணறி அணைந்துவிடும். ஏறி உட்கார்ந்தேன்.

ஜீப்பில் கியர் கம்பியோடு இன்னும் இரண்டு சின்னக் கம்பிகள் உண்டு. மலை ஏற, சேற்றிலிருந்து வெளியே வர, நான்கு சக்கரங்களுக்கும் பலம் கொடுக்க. பதற்றத்தில் எதை இழுத்தேன் என்று இன்றுவரை சரியாகத் தெரியாது. இழுக்கக் கூடாத எல்லாவற்றையும் இழுத்திருக்கிறேன். கிளட்சை விடும்போது பிரேக்கையும் சேர்த்து விட்டேன்.

ஜீப் அணையவில்லை. அவசரமே இல்லாமல், அம்மா வைத்த கல்லின்மேல் ஏறி இறங்கியது. மூன்று குரோட்டன்ஸ் தொட்டிகளைப் படுக்க வைத்தது. பிறகு கட்டடத்தின் படிகளில் ஏற ஆரம்பித்தது. மலைக்கென்று செய்த வண்டி. படிகளை அது ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இரண்டாவது படியில்தான் எனக்குக் கால்கள் இருப்பது நினைவுக்கு வந்து இரண்டு பெடலையும் மிதித்தேன். பிரின்சிபால் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். ஜீப் முன்னங்கால் தூக்கிய ஆடுபோல நின்றுகொண்டு, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட்பிரேக்கை முழு பலத்தோடு இழுத்துவிட்டு இறங்கினேன். அம்மா வந்து என் தோளிலிருந்து துப்பட்டாவை உருவிக்கொண்டாள். "ஃபேன்ல மாட்டிக்கும். போ." பானெட்டைத் திறந்து கையை உள்ளே விட்டு லீவரைத் தள்ளினேன்.

நின்றது. கோலார் முழுவதும் நின்றுவிட்டதுபோல ஓர் அமைதி. நான் கையை யோசிக்காமல் சுடிதாரில் துடைத்தேன். ஐந்து விரலும் பதிந்தது.

"ஸ்டார்ட் பண்ணு" என்றார் சீனிவாசப்பா சார்.

பண்ணினேன். ஒரே சுற்று.

"கீழ இறக்கு."

பின்னால் எடுத்து, விழாமல் மிச்சமிருந்த தொட்டிகளுக்கு நடுவே இறக்கி நிறுத்தினேன். கையை விட்டு அணைத்தேன். அவர் திரும்பவும் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். திரும்பவும் ஒரே சுற்று. மூன்றாவது தடவையும். பிறகு அவரே குனிந்து ஹோஸ், பெல்ட், பேட்டரி முனைகள் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து பிரின்சிபாலிடம் சொன்னார்:

"நம்ம லேப்ல ஏழு எஞ்சின் இருக்கு சார். ஒண்ணுகூட ஓடல. இந்தப் பொண்ணு வண்டி நிக்கமாட்டேங்குது. எனக்கு இவதான் வேணும்."

பிரின்சிபால் படுத்துக் கிடந்த தொட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். கடைசியில், மூன்று மாதம் தற்காலிகமாக என்றார். இதே வண்டியில், எட்டரைக்குள். ஒரு நாள் தாமதமானாலும் அதோடு சரி. "அப்புறம், வண்டியப் படிக்குக் கீழதான் நிறுத்தணும்."

திரும்பும் வழியில் பங்காருபேட்டை வந்ததும் அம்மா துப்பட்டாவை மடித்து என் மடியில் போட்டாள். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வண்டிய தெரியாதுன்னியாமே. அதுல குந்தினு இருந்த என்னயுமா தெரியாது?"

மாற்றத் தேவையில்லாத கியரை மாற்றினேன். அம்மா என் சுடிதாரிலிருந்த ஐந்து விரலைப் பார்த்தாள்.

"வேல கெடச்சதால வுடறேன்" என்றாள். "இன்னொரு தபா சொன்ன, நானே அந்தக் கல்ல எடுத்துனு வருவேன்."

அந்த மூன்று மாதமும் நான் ஒரு நாள்கூடத் தாமதமாகவில்லை. பெருமைக்குச் சொல்கிறேன், பெருமைக்காகவேதான் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு எண்ணெய், தண்ணீர், பெல்ட் பார்ப்பேன். ஞாயிறுதோறும் கிரீஸ். சீட்டுக்கு அடியில் ஒரு மாற்று ஹோஸ், ஒரு பெல்ட், ஐந்து லிட்டர் தண்ணீர், இரண்டு ஸ்டாப் கேபிள். ஒரு நாள் பாதி வழியில் ஹோஸ் வெடித்து ஆவி பறந்தது. ரோட்டோரம் நிறுத்தி, சூடு ஆறக் காத்திருந்து மாற்றிக்கொண்டு எட்டு இருபத்தெட்டுக்கு உள்ளே நுழைந்தேன். வாட்ச்மேன் கடிகாரத்தைப் பார்க்காமலே கேட்டைத் திறந்தார். இப்போது வேலை நிரந்தரம். லேபில் ஏழில் ஐந்து எஞ்சின்கள் ஓடுகின்றன. ஐந்தும் நிற்கவும் செய்கின்றன.

வீட்டில் மட்டும் எனக்கு விமோசனமில்லை. கல்யாண வீடுகளில் மாமா இந்தக் கதையைச் சொல்லும்போது ஜீப் ஒவ்வொரு வருடமும் ஒரு படி கூடுதலாக ஏறுகிறது. இப்போது முதல் மாடியில் இருக்கிறது. நான் எதையாவது விடாமல் பேச ஆரம்பித்தால், அம்மா பக்கத்திலிருப்பவர்களிடம் சொல்வாள்: "இவளுக்கு கேபிள் அறுந்துட்டுது. யாராச்சும் பானெட்ட தொறங்க."

போன மாதம் அப்படித்தான் விடாமல் பேசினேன். மோட்டார் வாகன ஆய்வாளர் வேலைக்கு எழுதப்போகிறேன் என்று. அதற்கு டிப்ளமோ வேண்டும், இருக்கிறது. கனரக வாகன லைசென்ஸும் வேண்டும், அது இல்லை. அம்மா வழக்கம்போல் கேபிளைப் பற்றிச் சொல்லிவிட்டு, "லாரியா?" என்று மட்டும் கேட்டாள்.

எல்.எல்.ஆர். எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பாடம். சொல்லிக்கொடுப்பவர் என்னையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும் என்றார். நான் சுற்றிப்போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து ஏறினேன்.