பூங்கா சீட்டில் மூன்றாவது பெயர்

குடவாசல்,
சித்திரை 18.

அன்புள்ள மைத்துனன் ரகுராமனுக்கு, அத்தான் நாகேஸ்வரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காளும் பசுமாடும் சுகம். போர் மோட்டார் மட்டும் சுமார். கோயம்புத்தூரில் நீங்கள் அனைவரும் எங்கள் மோட்டாரைவிட நன்றாக இருக்க அம்பாள் அருள் புரியட்டும்.

நிற்க. உன் அக்காள் விஜயத்துக்கு அறுபது நிறைந்துவிட்டது. இதுவரை அவள் ஏறிய மலை சுவாமிமலை ஒன்றுதான், அதற்கும் அறுபதே படி. தை அறுப்பு முடிந்த மறுநாள், சாவதற்குள் ஒரு நிஜமான மலையைப் பார்க்க வேண்டும் என்றாள். எந்த மலை என்றேன். பொள்ளாச்சிக்கு மேலே காட்டுக்குள் இருக்கிற தேசியப் பூங்காதான் வேண்டுமாம். ஏற்காடு இருக்கிறது, கொடைக்கானல் இருக்கிறது, அதெல்லாம் மலையாகத் தெரியவில்லை அவளுக்கு. பொள்ளாச்சியில் யார் குடியிருக்கிறார்கள் என்பது இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

நாள் குறிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மாசியில் நாம் கொஞ்சம் ஓய்ந்து உட்கார்ந்தால் காட்டுத்தீக்குப் பயந்து பூங்காவை மூடிவிடுகிறார்கள், அவர்கள் திறக்கிற சமயத்தில் இங்கே உளுந்து பறிக்க ஆள் தேடித் தெருத்தெருவாக அலைகிறேன், ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்காலை விட்டு நகர முடியாது, ஐப்பசி மழையில் போகலாமென்றால் அங்கே அட்டை கடிக்குமாம், அது நம் வயலிலேயே கடிக்கிறது. கடைசியில் உளுந்துக்கும் நாற்றங்காலுக்கும் நடுவே ஒரு வாரம் அகப்பட்டது. வைகாசி ஐந்து என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன்பதிவு செய்யக் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சித்தீக்கிடம் போனோம். அவன் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "பேரெல்லாம் சொல்லுங்க சார்" என்றான். கேட்ட தோரணை நம் குருக்கள் கேட்பது போலவே இருந்ததால் நானும் கையைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டேன்: நாகேஸ்வரன், பூசம்; விஜயம், அஸ்தம்; ரோஹிணி, உத்திரம். அர்ச்சனைக்கு வந்தவர் வராதவர் என்றா பார்க்கிறோம், குடும்பத்தில் இருக்கிற பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்கிறோம், அந்தப் பழக்கம். மகள் பெயரை வீட்டுக்குள் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டதில்லை, அது வேறு. "நட்சத்திரம் வேணாம் சார், ஆதார் போதும்" என்றான். மூன்று ஆதார் ஜெராக்ஸும் என் சட்டைப்பையில் இருந்தன. ரோஹிணியுடையது அங்கே எப்படி வந்தது என்று உன் அக்காள் கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. சித்தீக் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு டீ சொல்லப் போனான்.

இப்போது சிக்கல் என்னவென்றால் சீட்டில் மூன்று பேர் விழுந்துவிட்டது. பதிவானதை மாற்றவே முடியாது. ஒரு ஆள் குறைந்தாலும் சீட்டு செல்லாது, கேட்டிலேயே திருப்பிவிடுவார்கள், உன் அக்காள் மலையைப் பார்க்காமலே குடவாசல் திரும்ப வேண்டியதுதான். ஆகவே நீ பொள்ளாச்சிக்கு ஒரு நடை போய், வைகாசி ஐந்து காலை எட்டு மணிக்கு அசல் ஆதாரோடு பூங்கா வாசலில் நிற்கும்படி ரோஹிணியிடம் சொல்லவும். நான் கூப்பிட்டதாகச் சொல்ல வேண்டாம். சீட்டின் நிபந்தனை என்று மட்டும் சொல். அவள் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு மாலையோடு வந்து நின்ற அன்று, "இனிமே என் வாசப்படிய மிதிக்காதே" என்றேன். அந்தப் பேச்சிலிருந்து நான் இம்மியும் மாறவில்லை. என் வாசப்படி என்றுதான் சொன்னேன். பூங்காவின் வாசப்படி வனத்துறையுடையது.

உன் அக்கா இப்பவே மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டா. ஒரு தூக்கு கைமுறுக்கு, ஒரு ஜாடி மாவடு, புது உளுந்து நாலு படி, பச்சை ரவிக்கைத் துணி ஒண்ணு. காட்டுக்குள்ள இதெல்லாம் விடமாட்டாங்கன்னு சொன்னா, மானுக்குங்கறா. எந்த மான் ரவிக்கை போடுதுன்னு நானும் கேக்கல. எனக்கு ஒரே கவலைதான் ரகு. அவ வரமாட்டேன்னுட்டா என்ன பண்றது? அத நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு, குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் தீர்க்காயுளோடு ஒற்றுமையாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அத்தான் நாகேஸ்வரன்.

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடப் போகும்போது சித்தீக் பார்த்துவிட்டான். சீட்டில் ஒரு பெயரை எடுப்பதும் சேர்ப்பதும் ஒரு நிமிஷ வேலைதானாம், ஆள் குறைந்தாலும் தாராளமாக விடுவார்களாம், அன்றைக்கே சொன்னானாம், நான்தான் காதில் வாங்கவில்லையாம். எதையும் எடுக்காதே என்றேன். நாலாவதாக மாப்பிள்ளை நெடுமாறன் பெயரைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சித்தீக்குக் கொடுக்க அவருடைய ஆதார் நம்பர் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் நட்சத்திரம் எனக்கு வேண்டும். இரண்டையும் கேட்டு உடனே எழுதவும்.