எர்காஷ் வாங்கி வந்த அட்லஸ்

மாப்பிள்ளை வீட்டார் ரொட்டி பிட்டுச் சம்மதம் சொல்ல ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. அந்த வாரம் எர்காஷ் ஒரு பெரிய முடிவு எடுத்தார். சம்பந்தியம்மாளுக்குக் கொடுக்கிற அட்லஸ் பட்டுத் துணியை அவரே போய் வாங்குவது. தனியாக. பெண்டாட்டி துணை இல்லாமல்.

"நானும் வர்றேனே" என்றாள் ஹோசியத்.

"நீ எதுக்கு? பட்டுக்குப் பேர்போன மர்கிலான்ல பொறந்தவனுக்கு அட்லஸ் வாங்கத் தெரியாதா? அட்லஸ்னா என்ன அர்த்தம், சொல்லு பாப்போம்."

"அட்லஸ்னா அட்லஸ்தான். பொறந்தா தொட்டிலுக்கு மேல போடறது. கல்யாணத்துக்கு உடுத்தறது. அப்புறம் மெத்தைக்கு உறை, தலகாணிக்கு உறை."

"அது உபயோகம். அர்த்தம் வேற. அரபுல அட்லஸ்னா வழுவழுன்னு இருக்கறது. மயிரே இல்லாதது."

ஹோசியத் அவர் தலையை ஒரு தரம் பார்த்தாள். "அப்போ நம்ம வீட்டுல எப்பவுமே ஒரு அட்லஸ் இருக்குன்னு சொல்லுங்க."

எர்காஷ் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விஷயம் சின்னதில்லை. சம்பந்தியம்மா சபோகத் முப்பது வருஷம் பட்டு ஆலையில் பட்டுக்கூடு அவித்தவள். எந்த வீட்டில் துணி கொடுத்தாலும் ஒரு நூலை உருவிக் கொளுத்தி மோந்து பார்த்துவிட்டுத்தான் தேநீரில் வாய் வைப்பாள். முடி கருகின வாசம் வந்தால் அசல். இல்லையென்றால், எர்காஷின் மகள் தில்நவோஸ் அந்த வீட்டில் காலம் பூரா "போலிப் பட்டுக்காரன் பொண்ணு" என்ற பேரோடு பாத்திரம் கழுவ வேண்டியதுதான்.

சாயங்காலம் எர்காஷ் ஜெயித்த மாதிரி வந்தார். மஞ்சளும் சிவப்பும் பச்சையும் தண்ணீரில் கலைந்த மாதிரி ஓடுகிற துணி. ஹோசியத்தின் சொந்தக் கல்யாண அட்லஸ் ஒன்று வெட்டாமல் பெட்டியில் இருக்கிறதே, அச்சு அசல் அதே கோலம். அவருக்குத் தெரிந்த கோலம் அது ஒன்றுதான்.

"கடைக்காரன் என் முன்னாடியே நூலைக் கொளுத்திக் காட்டினான். முடி வாசம் அடிச்சுது!"

ஹோசியத் இரண்டு விரலால் துணியைத் தடவினாள். "ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். எடுத்துக்கொண்டு போய்ச் சீர் மூட்டையில் தானே கட்டி வைத்தாள்.

மறுநாள் அடுப்பு மூட்டும்போது சட்டைப் பொத்தானில் அந்தத் துணியின் நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதை எர்காஷ் பார்த்தார். சும்மா ஒரு சந்தோஷத்துக்கு, தீயில் காட்டினார். நூல் சுருண்டு, உருகி, மிளகு மாதிரி கறுப்பு உருண்டையாகிவிட்டது. வீசியது பிளாஸ்டிக் வாளி வாசம்.

ஹோசியத் வெளியே தந்தூரில் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே ஓடினார். மெத்தைகளை இறக்கிப் பெட்டியைத் திறந்து, தலையை விட்டுத் துழாவி அடியில் இருந்த அட்லஸை எடுத்தார். அதைச் சீர் மூட்டையில் வைத்தார். மூட்டையில் இருந்ததைப் பெட்டியில் போட்டார். மெத்தைகளை ஏற்றினார். "ஆண்டவனே, இவ பெட்டியைத் திறக்காம பாத்துக்கோ" என்று வேண்டிக்கொண்டார்.

அன்றைக்கு மத்தியானம் பூரா தொப்பியைத் தேடினார். சாயங்காலம் ஹோசியத் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எங்கே இருந்துது?"

"இருந்த எடத்துல இருந்துது."

சனிக்கிழமை அவள் அவருடைய பழைய அங்கியை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். "உள்துணி கிழிஞ்சு தொங்குது. நாலு பேர் வர்ற எடத்துல நல்லாவா இருக்கும்?" என்றாள். நான் இவளுக்குத் துரோகம் செய்கிறேன், இவள் எனக்கு அங்கி தைக்கிறாள் என்று எர்காஷ் அவள் பக்கம் பார்க்க முடியாமல் வெளியே போனார்.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டி பிட்டாயிற்று. சீர் மூட்டை அவிழ்ந்தது. சபோகத் துணியைப் பார்த்தாள். மடித்த ஓரத்தில் நகத்தை விட்டாள்.

"உருவுங்க சம்பந்தியம்மா, தாராளமா உருவுங்க!" எர்காஷ் தீப்பெட்டியோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து குச்சியை உரசினார்.

"என்னங்க!" ஹோசியத் பாய்ந்து வந்து குச்சியைப் பிடுங்கினாள். "நான் பிடிக்கிறேன். நீங்க தள்ளிப் போங்க. இன்னும் தள்ளி!"

பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்தார்.

நூல் எரிந்தது. அறை முழுக்க முடி கருகின வாசம். சபோகத் சாம்பலை விரலில் நசுக்கிப் பார்த்தாள். "அசல்! இந்த மாதிரி நெசவை இப்ப எங்கே பாக்கறது!" தில்நவோஸை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "இனி இவ என் பொண்ணு." அப்புறம்தான் தேநீரை எடுத்தாள்.

விருந்தாளிகள் போனதும் எர்காஷ் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"ஹோசியத், நான் வாங்கினது போலி. உன் கல்யாண அட்லஸைத் திருடிக் குடுத்துட்டேன்."

"நீங்க எங்கே குடுத்தீங்க? வாங்கிட்டு வந்த அன்னைக்கே நான் மாத்திட்டேன். என்னோடது மூட்டையில, உங்களோடது பெட்டியில. மறுநாள் நீங்க போய்ப் போலியைத் திரும்ப மூட்டையில வச்சீங்க. நான் மறுபடி மாத்தினேன்."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பெட்டிக்குள்ள தொப்பி கெடந்துதே."

எர்காஷ் தலையைத் தடவினார். "ஆனா கடைக்காரன் கொளுத்திக் காட்டினானே!"

"எதுலேருந்து உருவின நூலு? அவன் சட்டைக் கையிலேருந்தா?"

எர்காஷ் அதைப் பார்க்கவில்லை. தீயைத்தான் பார்த்தார்.

"அன்னைக்கே என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே."

"நீங்க அன்னைக்கு வந்த நடையைப் பாத்தேன். பொண்ணு வேற வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. சொல்ல மனசு வரல."

இருபத்திரண்டு வருஷமாக வெட்டாமல் வைத்திருந்த துணி. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "உனக்கு நான் என்ன செய்யப் போறேன்! ஆண்டவன் உன்னை எனக்குக் குடுத்தானே! தள்ளு, இன்னைக்கு நானே அடுப்பு மூட்டித் தேநீர் போடறேன்." குனிந்தார்.

"ஐயோ, வேணாம்!" ஹோசியத் அவர் அங்கியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அங்கி பிரிந்தது. உள்துணியில் மஞ்சளும் சிவப்பும் பச்சையும் ஓடியது.

"உங்க அட்லஸ் உங்க மேலதான் இருக்கு. அடுப்புப் பக்கம் வராதீங்க."