மலருக்கு வந்தது

மலர் ஒரு சுற்று சுற்றித் திரும்பியபோது எதிரே எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் கமலக்கண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட்டில், களத்தில் காயப்போட்ட காப்பிக்கொட்டையைக் காலால் தள்ளிக் கிளறிவிடுவது அவள் வேலை. மத்தியானம் எல்லாரும் சோற்றுக்குப் போனதும், போனில் பம்பை மேளத்தைப் போட்டுவிட்டு அவள் கிளறும் விதமே வேறு. கோடு கோடாக இருக்க வேண்டிய களம் வட்டம் வட்டமாகிவிடும். தொண்ணூறு கிலோ உடம்பு அப்போது மட்டும் பஞ்சாக இருக்கும். பாவி மனுசிக்கு இருந்த சந்தோஷமே அது ஒன்றுதான்.

ஆனால் யாரும் பார்த்துவிடக் கூடாது. நாத்தனார் கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை ஆடினாள். "ரோடு ரோலர் வருது, ஓரம் போங்க!" என்று எவனோ கத்த, பந்தலே விழுந்து விழுந்து சிரித்தது. பதினெட்டு வருஷமாகியும் அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை. இன்னொரு முறை யாராவது அப்படிச் சிரித்துவிட்டால், அவ்வளவுதான், இந்த ஜென்மத்தில் அவள் ஆட மாட்டாள்.

"ஏனுங்க மலரு, என்னுங்க இது?" என்றார் ரைட்டர். உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

மலருக்குக் குப்பென்று வியர்த்தது. சட்டென்று பூசாரி செங்கோடன் ஞாபகம் வந்தது. அவருக்கும் பானை வயிறுதான். மாரியம்மன் நோம்பிக்கு அவர் ஆடினால் வயிறு தனியாக ஓர் ஆட்டம் போடும். ஒருத்தர் சிரித்ததில்லை. ஆடுவது சாமியாச்சே!

போனை முந்தானைக்குள் அமுக்கி அணைத்தாள். கண்ணை உருட்டினாள். "ஏய்ய்ய்!" என்று ஒரு கத்து கத்தினாள்.

ரைட்டர் சிரிப்பை விழுங்கிவிட்டுத் தடாலென்று காலில் விழுந்தார். "தாயீ! என்ன வேணும், சொல்லுங்க தாயீ!"

ஆளைக் கிளப்பினால் போதும் அவளுக்கு. "எலுமிச்சம்பழம்டா!"

போனவர் பழத்தோடு மட்டுமா வந்தார்? எஸ்டேட் லைன் வீட்டுச் சனம் மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். முன்னால் அவள் புருஷன் மாதேஷ், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கட்டிய நாளிலிருந்து அவன் அவளிடம் அத்தனை மரியாதையாக நின்றதே இல்லை.

"தாயீ, காப்பி காயுது. மழை வருமுங்களா?" என்றார் ரைட்டர்.

வானம் வெளுத்துக் கிடந்தது. கூட்டத்தைக் கலைக்க இதைவிட வழி ஏது?

"வருதுடா! ஓடிப்போய் அள்ளுங்கடா!"

ஓடினார்கள், அள்ளினார்கள், தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். மலர் நைசாக நழுவப் பார்த்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் மலைமேல் கருத்து, சடசடவென்று கொட்டிவிட்டது. ஐயோ, இந்த மழைக்கு இன்றைக்குத்தானா வழி தெரிந்தது!

மழை விட்டபோது அவள் முன்னால் இரண்டு தேங்காய், ஒரு சேவல், குழந்தை வரம் கேட்டுப் பக்கத்து வீட்டு அருக்காணி.

"சோதிக்காம எப்படிங்க நம்பறது? பூசாரியக் கூப்புடுங்க," என்றான் மாதேஷ். பாழாய்ப்போனவன்!

அது அந்த லைன் வழக்கம். புதிதாகச் சாமி வந்தால் உள்ளங்கையில் கற்பூரம் கொளுத்துவார்கள். நிஜச் சாமி என்றால் சுடாது. கையை உதறினால் நாடகம்.

செங்கோடன் வயிறு முன்னே வர, பம்பைக்காரரோடு வந்து சேர்ந்தார். மலர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். உதறினால் இத்தனை பேரும் சிரிக்கிற சிரிப்பில் அந்தக் கல்யாணப் பந்தல் எந்த மூலைக்கு!

"வந்தது சாமியா, மலரான்னு இப்பத் தெரிஞ்சுபோயிரும்," என்று பூசாரி கூட்டத்தைப் பார்த்து உறுமினார்.

கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் கையை இழுத்து விரித்தார். மலர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவர் தீக்குச்சியை உரசும் சத்தம் கேட்டது.

சுடவில்லை.

ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். உள்ளங்கையில் ஈரத் திருநீறு, விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தது. அதன்மேல் கற்பூரம் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"தாயேதான்!" என்று பூசாரி கத்தினார். பெண்கள் குலவையிட்டார்கள். பம்பை அதிர்ந்தது. மாதேஷ் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

அவள் நெற்றியில் திருநீறு பூசும் சாக்கில் செங்கோடன் காதோரம் குனிந்தார்.

"பயப்படாம ஆடு கண்ணு. எனக்கும் இருவத்திரண்டு வருசமா ஆட்டந்தான் வருது, சாமி ஒரு நாளும் வந்ததில்ல."